அனுப்புநர், பெறுநர், பொருள்

தமிழில் கதையைவிட, கவிதையைவிட அதிகமாக எழுதப்படும் வடிவம் மனுவாகத்தான் இருக்கும். ஆனால் மனுவுக்கு விமர்சகர் கிடையாது. யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எழுதியவருக்கே இரண்டாவது முறை வாசிக்கக் கிடைப்பதில்லை, நகல் எடுத்து வைத்திருந்தால் உண்டு. இணையவழியில் அரசுக்குக் கருத்துச் சொல்வது, முடிவெடுப்பதில் மக்கள் பங்கேற்பது என்று இப்போது பேசப்படும் எல்லாவற்றையும் இந்த மனு என்கிற வடிவத்தின் வாரிசாக வைத்து வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்க்க ஆசை.

கம்பைநல்லூர் மாதிரி ஊரில் இந்த வடிவத்தின் ஆசிரியர் யார் என்பதே முதல் சிக்கல். முன்பு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். இப்போது கணினி மையத்துத் தம்பி. நான் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஒருநாள், ஒரு அம்மா தன் நிலத்துப் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் காலத்துக் கிணறு, பங்காளி வெட்டின வரப்பு, வறட்சி வந்த வருஷம், அதில் செத்துப்போன மாடு எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. "எல்லாத்தையும் போட்டுரு சாமி" என்றார். தம்பி தட்டச்சு செய்தது நான்கு வரி. "இவ்ளோதாம்மா அதுல ஏறும்" என்றான். அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. பெட்டிக்குள் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது, துறையின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும், கிணறும் பங்காளியும் ஒரே துறையில் வராது. அந்த அம்மாவின் கதையில் காரணமும் விளைவுமாகக் கோத்திருந்ததெல்லாம் கழன்று, கோரிக்கை மட்டும் மிஞ்சியது.

இது வெறும் சுருக்கம் இல்லை, வகை மாற்றம். அவர் சொன்னது கருத்து, பதிவானது குறை. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம்தான் என் கட்டுரையின் விஷயம்.

நம்முடைய அரசு நம்மிடமிருந்து குறையை வாங்கிக்கொள்வதில் சளைத்ததே இல்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், 1100 என்ற தொலைபேசி எண், 'முதல்வரின் முகவரி', 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்'. 'மக்களுடன் முதல்வர்' திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு விரிந்தது 2024 ஜூலை 11 அன்று எங்கள் மாவட்டத்துப் பாளையம்புதூரில்தான். இவற்றால் பட்டா கிடைத்தவர்கள், உதவித்தொகை கிடைத்தவர்கள் உண்டு. நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாசித்துப் பாருங்கள், இவை எல்லாவற்றிலும் பேசுபவர் ஒரு தனி ஆள், கேட்பது தனக்கான ஒன்று. சாலை எந்தப் பக்கம் போகவேண்டும், எந்த ஆலைக்கு அனுமதி தரலாம் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை. குறை சொல்பவர் கீழே நிற்கிறார். கருத்துச் சொல்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி போடுவதில்தான் எல்லாருக்கும் தயக்கம்.

நாற்காலி போட்ட மாதிரி ஒரு சந்தர்ப்பம் 2020-ல் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை. ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வெளியானது. 83 பக்கம். கருத்துகளை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றார்கள். ஊரடங்குக் காலம், பேருந்து இல்லை. எந்த மொழியில் வெளியானது? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தர்மபுரி மாவட்டத்துக்காரருக்கு இது தொலைதூர விவகாரம் கிடையாது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வழியாகப் போவதாக இருந்து, நிலம் அளக்க வந்தபோது மக்கள் வயலில் நின்று அழுததையும், 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்ததையும் பார்த்திருந்தோம். அந்த வழக்கின் மையத்திலேயே சுற்றுச்சூழல் அனுமதியை எப்போது வாங்கவேண்டும் என்ற கேள்வி இருந்தது. (2020 டிசம்பர் 8-ல், நிலம் எடுக்கும் முதல் அறிவிக்கைக்கு முன் அது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) ஆக, வரைவு எங்கள் புளியமரத்தைப் பற்றிப் பேசியது, எங்களுக்குத் தெரியாத மொழியில்.

தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று, எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் பெயர்த்து வெளியிடச் சொல்லி, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. ஒன்றிய அரசு மேலே போனது. ஆட்சிமொழிச் சட்டப்படி ஆங்கிலமும் இந்தியும் போதும் என்பது அதன் வாதம். சட்டமாகப் பார்த்தால் அதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம். வாசகனாக எனக்கு அது அதிர்ச்சி. ஒரு பிரதியை வெளியிட்டு, 'படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்டு, படிக்க முடியவில்லை என்றால் 'படிக்கக் கொடுப்பது எங்கள் வேலை இல்லை' என்று சொல்கிற பதிப்பாளரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

தமிழில் விளக்கியது பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகளும், இணையத்தில் எழுதிய இளைஞர்களும்தான். நடிகர் கார்த்தி ஒரு அறிக்கை வெளியிட்டார். மாதிரிக் கடிதங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. சுமார் 17 லட்சம் கருத்துகள் போய்ச் சேர்ந்ததாகச் செய்திகள் வந்தன. அதே ஜூலையில் இந்த வரைவுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்த சில இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் முடக்கப்பட்டன. அதில் ஒன்றுக்கு உபா சட்டத்தைக் குறிப்பிட்டே நோட்டீஸ் போனது, பிறகு எழுத்துப்பிழை என்று திரும்பப் பெறப்பட்டது. அந்த எழுத்துப்பிழை பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்த 17 லட்சத்தை எங்கள் வட்டத்தில் வெற்றி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 'எல்லாம் காப்பி பேஸ்ட், ஒரே கடிதம்தானே' என்று உதடு பிதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே கடிதத்தின் கீழ் ஆயிரம் பேர் கைநாட்டு வைத்தால் அது ஆயிரம் பேரின் மனுதான். கோயிலில் ஒரே பாட்டை எல்லாரும் பாடுவதால் பக்தி பொய்யாகிவிடாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் வேறு ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் இணையச் சமநிலை விதிகள் குறித்து அவர்களுடைய தகவல்தொடர்பு ஆணையத்துக்கு வந்த 2 கோடியே 20 லட்சம் கருத்துகளில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2021-ல் கண்டுபிடித்தது. எண்ணிக்கைதான் கணக்கு என்றால் எண்ணிக்கையைத் தயாரிக்க ஆள் வந்துவிடுவார்கள். அரசும், கம்பெனிகளும், நாமும்.

இங்கேயே ஒப்பிட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2015 மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட ஆலோசனை அறிக்கை 118 பக்கம், 20 கேள்வி, அதுவும் ஆங்கிலம்தான். அதற்கும் மாதிரிக் கடிதங்கள் வழியாகப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் போனது. டிராய் அதையெல்லாம் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு தன் தளத்தில் போட்டு வசை வாங்கியது. அபத்தம்தான். ஆனால் 2016 பிப்ரவரி 8-ல் அது ஆணை வெளியிட்டபோது, ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்ற விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது. வெளிப்படையாக நடந்துகொள்ள வேண்டும் என்று டிராய் சட்டமே அதைக் கட்டுப்படுத்துகிறது. நீங்கள் அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம், வரிக்கு வரி சண்டை போடலாம். பதில் என்று ஒரு பிரதி இருக்கிறது.

சுற்றுச்சூழல் வரைவுக்கு அப்படி ஒரு பிரதி இல்லை. அது இறுதி அறிவிக்கையாக வரவேயில்லை. 'அப்போ ஜெயிச்சாச்சே' என்கிறார்கள். ஆனால் அந்த வரைவில் பலரும் எதிர்த்த ஒரு விஷயம், அனுமதி வாங்காமல் தொடங்கிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வது. அதற்கான வழிமுறை 2021 ஜூலை 7 தேதியிட்ட அலுவலகக் குறிப்பாணையாக வந்தது. குறிப்பாணைக்கு யாரிடமும் கருத்துக் கேட்கத் தேவையில்லை. மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அதே நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. 17 லட்சம் பேர் முன்வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சாமான் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டது. இணையவழிப் பங்கேற்பைப் பற்றிப் பேசுபவர்கள் செயலியின் வடிவமைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். பின்வாசலைப் பூட்டுவது மென்பொருளின் வேலை இல்லை.

தைவானைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஊபர் வாகனச் சிக்கலை 2015-ல் 'விதைவான்' என்ற முறையில் பேசினார்கள். அதில் பயன்பட்ட கருவியில் ஒருவர் கூற்றுக்கு இன்னொருவர் பதில் போட முடியாது, ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன் மட்டும்தான். பதில் போட முடியாததால் சண்டை குறைந்து, எல்லாத் தரப்பும் ஒத்துப்போகும் கூற்றுகள் மேலே வந்தன. நல்ல யோசனை. ஆனாலும் எனக்கு அந்த அம்மாவின் கிணறுதான் ஞாபகம் வருகிறது. ஒரு வரியில் ஏற்கவோ மறுக்கவோ தோதாக வெட்டப்பட்ட கருத்தில் செத்த மாடு எங்கே இருக்கும்?

அதே 2020-ல் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகள் தொற்றைக் காரணம் காட்டி நடக்கவில்லை. காலால் நடந்துபோய்ப் பேசும் கதவு சாத்தியிருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பேசும் கதவு திறந்திருந்தது. கம்பைநல்லூருக்கு இதில் இன்னொரு கூத்து. எங்கள் ஊர் பேரூராட்சி. கிராம சபை ஊராட்சிகளுக்குத்தான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எழுந்து நின்று 'கணக்கைக் காட்டுங்க' என்று கேட்கிற நாளில் நாங்கள் டீக்கடையில் அதைப் பற்றிக் கேள்விப்படுகிறோம்.

தமிழில் 'கருத்துக் கேட்பு' என்கிறோம். கேட்பது என்றால் வினவுவதும்தான், செவிகொடுப்பதும்தான். அரசு முதல் பொருளில் கேட்கிறது, நாம் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொள்கிறோம். டிஜிட்டல் தனியுரிமை விதிகளின் வரைவுக்கு 2025-ல் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகள் யாருக்கும் எந்தக் கட்டத்திலும் வெளியிடப்படமாட்டா என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட்டார்கள், மக்கள் தயங்காமல் பேசுவதற்காகவாம். இத்தனைக்கும் 2014-ல் ஒன்றிய அரசே வகுத்த சட்டமுன் ஆலோசனைக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் அதற்கான பதிலையும் வெளியிடச் சொல்கிறது.

எனக்குப் பிடித்த அரசுப் பிரதி ஒன்று உண்டு. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நான்காவது பின்னிணைப்பு. நேரில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் (2020 வரைவு இதை 20 ஆக்கப் பார்த்தது). வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தரவேண்டும். கூட்டம் முடியும்போது, மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை உள்ளூர் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்டவேண்டும். நடைமுறையில் பல கூட்டங்கள் போலீஸ் தடுப்புக்கு நடுவில் நடக்கின்றன, வாசிப்பு சடங்காக முடிகிறது, அது வேறு. ஆனால் எழுதிய வாக்கியம் இருக்கிறது. அதை எழுதிய அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. நாம் சொன்னதை இன்னொருவர் வாயால் திரும்பக் கேட்கும்போதுதான், 'இல்லீங்க, நான் அப்படிச் சொல்லல' என்று எழுந்து நிற்க முடியும். கணினி மையத்தில் அந்த அம்மாவுக்கு யாரும் அந்த நான்கு வரியை வாசித்துக் காட்டவில்லை. அவர் கையில் கொடுத்தது பதிவு எண் அச்சிட்ட ஒரு சீட்டு. அதை முந்தானையில் முடிந்துகொண்டு மொரப்பூர் பஸ்ஸுக்குப் போனார்.