நேர்க்கோடும் அப்பாயியின் முகமும்: குவாட்டோன் ரிப் பற்றி ஒரு குறிப்பு

போன வாரம் என் மேசையில் ஒரே படத்தின் மூன்று பிரிண்ட்கள் கிடந்தன. 1974-ல் வீட்டு வாசலில் வைத்து எடுத்த அப்பாயியின் படம். நெகட்டிவ் பத்திரமாக இருந்ததால் ஸ்கேன் செய்து பெரிதாகப் போட்டு அத்தைக்குக் கொடுக்கலாம் என்று ஆசை. முதல் பிரிண்ட் வெளியே கடையில் போட்டது: முகம் மொத்தமும் இருட்டு, கண் மட்டும் தெரிந்தது. இரண்டாவது, குவாட்டோன் ரிப் கொண்டு நானே போட்டது. மூன்றாவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் உள்ள அந்த இரண்டாவது பிரிண்ட்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. குவாட்டோன் ரிப் என்பது ராய் ஹாரிங்டன் எழுதிய மென்பொருள். 50 டாலர் ஷேர்வேர். பெரும்பாலும் எப்சன் பிரிண்டர்களுக்கானது. பிரிண்டருடன் வரும் டிரைவரை ஓரங்கட்டிவிட்டு, எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்பதை நம் கையில் கொடுத்துவிடும். அதன் வேலை அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

சாதாரண கலர் முறையில் ஒரு கருப்பு-வெள்ளைப் படத்தை அச்சிட்டால், சாம்பல் நிறத்தின் பெரும்பகுதியைச் சயான், மெஜெண்டா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் டிரைவர் உண்டாக்கும். அந்தக் கலவை ஜன்னலோரம் ஒரு மாதிரியும் குண்டு பல்பின் கீழ் வேறு மாதிரியும் தெரியும். பகலில் பச்சை தட்டுகிறது, ராத்திரி சிவப்பு தட்டுகிறது என்று புலம்புவோமே, அது இதனால்தான். 2005-ல் எப்சன் கே3 மைகள் வந்தபோது இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. கருப்பு, இளங்கருப்பு, அதைவிட இளங்கருப்பு என மூன்று அடர்த்திகள். கூடவே 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வொயிட்' என்ற முறை. அது பெரும்பாலும் கருப்பு மைகளையே பயன்படுத்தி, சாயலுக்கு மட்டும் கொஞ்சம் கலர் தொட்டுக்கொள்ளும். பலருக்கு அதுவே போதும், நானும் மறுக்கவில்லை. ஆனால் அதில் டோனைத் தேர்வு செய்யும் இடத்தில் என்ன இருக்கிறது? 'டார்க்', 'டார்க்கர்', 'டார்க்கஸ்ட்' என்று சொற்கள். எதைவிட இருட்டு, எந்தக் காகிதத்தில் இருட்டு? பதில் கிடையாது.

குவாட்டோன் ரிப் சொற்களுக்குப் பதில் எண்களைக் கேட்கிறது. முதலில் ஒவ்வொரு மையையும் தனித்தனியாக, 0-லிருந்து 100 சதவீதம் வரை படிப்படியாக அச்சிட வேண்டும். அந்தத் தாளைப் பார்த்தாலே ஒரு பாடம் கிடைக்கும். ஓர் அளவுக்கு மேல் மை ஊற்றினாலும் கருப்பு கூடாது. சில காகிதங்களில் திரும்பக் குறையக்கூடச் செய்யும். அந்த இடம்தான் மையின் எல்லை. அதன்பிறகு எந்த இளங்கருப்பு எந்த இடத்தில் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்கொடுக்க வேண்டும். வெளிச்சப் பகுதியில் மிக இளங்கருப்பு, நடுவில் இளங்கருப்பு, அடியில் முழுக் கருப்பு. புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் வானமும் கன்னமும் வழவழப்பாக வருவது இந்தப் பங்கீட்டால்தான். ஜான் கோன் இதே யோசனையை இன்னும் தள்ளிக்கொண்டுபோய், பியசோகிராஃபி முறையில் ஏழு சாம்பல் மைகள் வரை கொண்டுவந்தார்.

கடைசிப் படி நேர்ப்படுத்துதல். 21 படிகள் கொண்ட ஒரு பட்டையை அச்சிட்டு, காய விட்டு, அளவுக் கருவியால் ஒவ்வொரு படியின் ஒளிர்வையும் எடுக்கிறோம். எல்-ஸ்டார் என்ற அளவையில் 0 கரும் இருட்டு, 100 தூய வெள்ளை. படிகள் சம இடைவெளியில் இறங்கும்படி மென்பொருள் வளைவைத் திருத்திக்கொள்ளும். வரைபடத்தில் கோணல் கோடு நேர்க்கோடாக மாறும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. மூன்று ராத்திரி உட்கார்ந்து அந்தக் கோட்டை நேராக்கினேன். மேட் காகிதம், பருத்தி நார். அப்பாயி படத்தைப் போட்டேன். கடைக்காரர் பிரிண்ட்டில் காணாமல் போன எல்லாம் வந்துவிட்டது. முகச்சுருக்கம், தண்டட்டி, கண்டாங்கிச் சேலையின் கட்டம்கூட.

பெருமையாக அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மாவ ஏன்டா இப்படி வெளுக்க வச்சிருக்க? சாம்பலப் பூசின மாதிரி இருக்கு. அம்மா நல்ல கருப்புடா."

நான் ஏதோ சமாளித்துப் பார்த்தேன். அத்தை எழுந்துபோய்ப் பழைய ஆல்பத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். உள்ளங்கை அளவுப் பளபளப்புக் காகிதப் பிரிண்ட். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

ஆல்பத்தை வாங்கிவந்து அளந்தேன். பழைய பிரிண்ட்டில் நிழல்பட்ட கன்னம் 23, வெளிச்சம்பட்ட கன்னம் 37. என் பிரிண்ட்டில் 34, 46. அளவுக் கருவியில் கோளாறு இல்லை, மென்பொருளிலும் கோளாறு இல்லை. கணக்கே அப்படித்தான்.

மேட் காகிதத்தில் கிடைக்கிற அதிகபட்ச அடர்த்தி சுமார் 1.7. எல்-ஸ்டாரில் அது கிட்டத்தட்ட 16. காகிதத்தின் வெள்ளை 96. ஆக 0 முதல் 100 வரை உள்ள படத்தை 16 முதல் 96 வரை உள்ள 80 படிக்குள் அடைக்க வேண்டும். நேர்க்கோடு என்றால் சமமாக அடைப்பது. கோப்பில் 22-ல் இருக்கும் நிழல் 34-க்கு ஏறிவிடும்; 38-ல் இருக்கும் கன்னம் 46-க்கு. வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவை அவ்வளவாக அசைவதில்லை: 85-ல் இருப்பது 84-க்கு வரும், அவ்வளவுதான். பளபளப்பான பரைட்டா காகிதத்தில் அடர்த்தி 2.3 வரை போகும். அடிக் கருப்பு 4. அங்கே அதே கன்னம் 24, 39 என்று ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதைத்தான் நான் இந்த மென்பொருளைச் சுற்றி இருக்கும் பேச்சின் குறையாகப் பார்க்கிறேன். நேர்ப்படுத்திய வளைவை 'நடுநிலை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நடுநிலைதான், சாம்பல் பட்டைக்கு. வெளிர்ந்த முகத்துக்கும் ஏறக்குறைய நடுநிலை. கருத்த முகத்துக்கு இல்லை. சேதம் முழுவதும் அடியில்தான் விழுகிறது, எங்கள் ஆட்களின் முகம் இருப்பதும் அங்கேதான். கலர் பிரிண்ட்டுக்குக் கோடாக் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்தே அளவு பார்த்தது. ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் யாருடைய தோல் அளவுகோல் என்பது வெளிப்படையாகவாவது தெரிந்தது. 21 படிப் பட்டையில் முகமே இல்லை என்பதால் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு எதிர்வாதம் உண்டு. கண் அந்தக் காகிதத்தின் கருப்பையே கருப்பு என்று எடுத்துக்கொள்ளும், எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஓரளவு உண்மை. தனியாகப் பார்த்தபோது எனக்கும் குறை தெரியவில்லை. ஆனால் அந்த மனுஷியோடு முப்பது வருஷம் வாழ்ந்தவரின் கண் காகிதத்துக்குப் பழகிக்கொள்ள மறுத்துவிட்டது. அந்தச் சாட்சியத்தை நான் தள்ள மாட்டேன்.

சரி, மென்பொருளைக் குறை சொல்லலாமா? கூடாது. தப்பு என்னுடையது. நேர்க்கோட்டை நான் முடிவு என்று நினைத்தேன்; அது தொடக்கம். அதன் அடி நிழலை அழுத்தி வேறொரு வளைவு செய்யவும் வழி இருக்கிறது. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வளைவு காகிதத்துக்குச் சொந்தம், முகம் படத்துக்குச் சொந்தம். வளைவை நேராக வைத்துவிட்டு, அதிலிருந்தே ஓர் ஐசிசி கோப்பு செய்து, திரையில் அந்தக் காகிதத்தில் எப்படி வெளுக்கும் என்று முன்பே பார்த்து, படத்தைத்தான் திருத்த வேண்டும். அப்போதுதான் நாம் எடுத்த முடிவு எது, காகிதம் எடுத்த முடிவு எது என்று பிரித்துச் சொல்ல முடியும். சொற்களை மட்டும் காட்டுகிற டிரைவரில் இந்தப் பிரிவினையே சாத்தியமில்லை. குவாட்டோன் ரிப்புக்கு நான் கொடுக்கும் உண்மையான பாராட்டு இதுதான். அது அழகாக அச்சிடுகிறது என்பதைவிட, தப்பு எங்கே நடந்தது என்று ஒளிக்காமல் காட்டுகிறது.

இதெல்லாம் இலவசமாக வருவதில்லை. மென்பொருளைவிட அளவுக் கருவிதான் பல மடங்கு விலை. காகிதம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. வருஷத்துக்கு நாலு பிரிண்ட் போடுகிறவர் இதில் இறங்க வேண்டாம், டிரைவரின் கருப்பு-வெள்ளை முறையிலேயே சோதனைப் பட்டை போட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது பிரிண்ட்டுக்கு வருகிறேன். பரைட்டா காகிதம்தான் கணக்குப்படி சரி. ஆனால் அத்தை வீட்டில் படம் மாட்டும் சுவருக்கு நேர் எதிரே ட்யூப்லைட். பளபளப்பில் முகத்துக்குப் பதில் விளக்குதான் தெரியும். அதனால் மேட் காகிதமே. முகத்தை இழுத்து 26, 41-க்குக் கொண்டுவந்தேன். அடியில் 16-க்கும் 26-க்கும் நடுவே பத்துப் படிதான் மிச்சம். கூந்தலும் சேலையும் அதற்குள் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் அவ்வளவு பாடுபட்டு மீட்ட கட்டங்கள் கருப்போடு கருப்பாகப் போய்விட்டன.

அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். "சேலைக் கட்டம் காணோமேடா."

"ஆமாத்தை. முகமா கட்டமான்னு வந்துச்சு."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி அம்மாதான். மாட்டிரு" என்றார்.