தோள்பையும் கடித உறையும்

புத்தளத்திலோ கற்பிட்டியிலோ உடப்பிலோ ஒரு நாவல் வெளிவருகிறதென்றால் அது முதலில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஒரு பாடசாலை மண்டபம். புத்தகக்கடை பிறகுதான். ஞாயிறு பின்னேரம். தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை என்று அழைப்பிதழில் பெயர்கள் நீளும். முதற்பிரதியை ஊர் வர்த்தகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோரை ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக அழைப்பார்கள். மேடையேறுகிறவர் கையில் ஒரு கடித உறை. உள்ளே எவ்வளவு என்பது அவரவர் மனத்தையும் வசதியையும் பொறுத்தது. பின்னட்டையில் அச்சிட்ட விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கலியாண வீட்டில் கொடுப்பதுபோலத்தான். ஏற்புரை முடிகிற நேரம் அச்சகக் கடனில் பாதி தீர்ந்தாலே நாவலாசிரியருக்கு அன்றிரவு நித்திரை வரும்.

வெளியார் யாராவது பார்த்தால் விசித்திரமான விற்பனை முறை என்பார். ஈழத்து எழுத்தாளருக்கோ இதுதான் வழக்கமான வழி. என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியலைப் புரட்டினால் விஷயம் விளங்கும். வெளியீட்டாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் எத்தனையோ பதிவுகளில் ஆசிரியரின் பெயரே இருக்கும், கூடவே அவருடைய வீட்டு முகவரி.

தொடக்கமே அப்படி. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1841இல் 'உதயாதித்தன்' என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் அவருடைய 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது, அந்தப் பத்திரிகையின் அச்சகத்திலிருந்தே. கதை எழுதியவர், அச்சகம் வைத்திருந்தவர், பத்திரிகை நடத்தியவர் மூவரும் ஒரே ஆள்.

இடையில் ஒரு பத்தாண்டு மட்டும் நிலைமை வேறாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களைப் போடத் தொடங்கியது. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973இல் அப்படி வந்தவைதான். பத்திரிகை போன வழியே நாவலும் போனது. 1977க்குப் பின் சந்தை திறந்துவிட, எழுத்தாளர் மறுபடி தம் வீட்டு முகவரிக்கே திரும்பிவந்தார்.

கடித உறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது வாங்குபவரைத் தருகிறது, வாசகரைத் தருமா? உறை கொடுத்தவர் நண்பராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம், அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவராகவும் இருக்கலாம். புத்தகம் வீட்டு அலுமாரியின் கண்ணாடிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இதனால்தான் வாசகரை ஆள் ஆளாகத் தேடிப்போனவர்களின் கதை கூடுதல் கவனத்துக்குரியது.

டொமினிக் ஜீவா நாவலாசிரியர் அல்ல, சிறுகதைக்காரர். ஆனால் நாவல் எழுதுகிற எவரும் அவரிடம் கற்கவேண்டியது உண்டு. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் முடிதிருத்திக்கொண்டே எழுதியவர் அவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, பிரதிகளைக் கையில் அடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். தெரிந்த முகம் எதிரே வந்தால் ஓர் இதழ் நீளும். காசு பிறகு வந்தாலும் சரி. வாங்கியவரை அடுத்த மாதம் மறித்துப் பேசுவார். அந்தப் பேச்சுக்குப் பயந்தாவது வாசித்துவிட்டு வருவார்கள் என்று நினைக்கிறேன். நாற்பதாண்டுகளுக்கும் மேல் இதழை நடத்தியவர், 'மல்லிகைப் பந்தல்' என்ற பெயரில் பிறருடைய நூல்களையும் கொண்டுவந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இதே பிடிவாதத்தின் இன்னொரு வடிவம் சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைச் சொந்தக் காசைப் போட்டு ஆரம்பித்தார். தம்முடைய நாவல் 'ஜீவனாம்ச'த்தை அதிலேயே தொடராக எழுதினார். பிறகு பதிப்பாளராகி, கட்டுக்கட்டாகப் புத்தகங்களைத் தோளில் சுமந்து தமிழ்நாட்டின் கல்லூரிகளுக்கு ஏறியிறங்கினார். கதர் வேட்டியோடு படியேறிவரும் அந்த மனிதர் மாணவர்களிடம் இலக்கியம் பேசிவிட்டு, பையை அவிழ்த்துப் புத்தகங்களைப் பரப்புவார். விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அது தோற்ற வியாபாரம். புதுக்கவிதைக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் ஒரு தலைமுறை உருவானதில் அந்தப் பையின் பங்கை யாரும் மறுப்பதில்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், அந்த அனுபவக் களத்தை வைத்து எழுதிய 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக 1997இல் தாமே வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயதை ஒட்டியிருந்தது. 1998இல் இறந்தார். அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

வை. மு. கோதைநாயகி கெட்டிக்காரி. தோளில் சுமக்கவில்லை, 1925இல் 'ஜகன்மோகினி' என்ற இதழையே தம் கைக்குக் கொண்டுவந்து, தம் நாவல்களை மாதாமாதம் அதில் வெளியிட்டார். கதை பாதியில் நிற்கிறது, அடுத்த மாதம் வரை சந்தாதாரர் எங்கே போவார்? நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அப்படி வாசகியரைக் கண்டன.

அமெரிக்காவில் ஜான் கிரிஷாமின் முதல் நாவலை 1989இல் ஒரு சிறு பதிப்பகம் 5,000 பிரதி அச்சிட்டது. அதில் 1,000ஐ அவரே வாங்கி, காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு நூலகம் நூலகமாகப் போய் விற்றார். வித்தியாசம் ஒன்றுதான்: அவருக்குக் கார் இருந்தது.

இன்று தொழில்நுட்பம் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. இலங்கையில் தனிமனிதரும் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து 955 அல்லது 624 என்ற நாட்டு எண் கொண்ட ஐஎஸ்பிஎன் பெறலாம். 2016இன் இறுதியிலிருந்து கிண்டிலில் தமிழ் நூலை ஆசிரியரே ஏற்றலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியர் சம்மதித்தால் கட்டிலின் கீழ் கட்டோடு கிடக்கும் நாவலும் அங்கே ஏறிவிடும். டொரன்டோவிலிருக்கும் ஒருவர் நள்ளிரவில் அதை வாசிக்கக்கூடும். உறை வராது.

ஆகவே மண்டபம் இன்னும் காலியாகவில்லை. விழாவில் மிஞ்சிய பிரதிகளைக் கொழும்புக் கடைகளில் போடலாம்; விற்றால்தான் காசு. மீதியை எழுதியவர் பையில் வைத்துக்கொள்கிறார். மன்னாரில் ஒரு கலியாணம், சிலாபத்தில் ஓர் ஆசிரியர் கூட்டம், முந்தலில் ஒரு பிரியாவிடை என்று போகிற இடமெல்லாம் ஐந்தாறு பிரதி கூடப் போகும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் அட்டையைப் பார்த்து "இது என்ன புத்தகம்?" என்று கேட்டுவிட்டால், புத்தளம் வந்து சேரும்வரை பேச்சுக்குக் குறைவிருக்காது.