படகில் விடப்பட்ட செபதேயு

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் வழியில் உள்ள சேந்தமங்கலம் நம் மறைபணி வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1623ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலத்தையும் அதன் பின்னர் சேலத்தையும் அடைந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தவர். தம் பணிமுறையை ஏற்க மறுத்த உடன் பணியாளர்களாலேயே உரோமை வரை குற்றஞ்சாட்டப்பட்டவர். இறுதியில் கண்பார்வை மங்கி 1656இல் மயிலையில் உயிர் நீத்தவர். இறையழைத்தலுக்கு அவர் கொடுத்த விலை இன்னது என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர்களாகிய நாம் ஓரளவு அறிவோம்.

அதே சேந்தமங்கலம் வழியாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மலையேறிய இருவரை நம்மில் பலர் அறியோம். அவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவருடைய மனைவி எவலினும் ஆவர். பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் கிறிஸ்துவின் செல்வங்களை மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் நமக்குக் கற்பித்தது. ஆகவே அவர்களைப் பற்றிய நூல்களை எடுத்துப் படிப்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. ஆயினும் படிக்கும்போது ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்தது. சீடத்துவத்தின் விலையை எழுதுவோர் யாருடைய கணக்கில் அதை எழுதுகிறார்கள்?

முதலில் நூல்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். எவலின் பிராண்டின் வாழ்வை 'கிரானி பிராண்ட்' என்னும் தலைப்பில் 1976இல் எழுதியவர் டாரதி கிளார்க் வில்சன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் வரலாற்றையும், எவலினின் மகன் டாக்டர் பால் பிராண்டின் வரலாற்றையும் முன்னரே எழுதியவர். நாடகாசிரியை, நாவலாசிரியை, மோசேயைப் பற்றிய அவருடைய நாவல் 1956இல் வெளிவந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' திரைப்படத்துக்கு மூல நூல்களுள் ஒன்றாயிற்று. எனவே அவருடைய வரலாற்று நூல்களில் நாவலின் ஓட்டம் இருப்பது இயல்பே. மனிதர்கள் பேசுகிறார்கள், மழை பெய்கிறது, வாசகர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே செல்கிறார். அது அவருடைய வலிமை. அந்த வலிமையே ஓரிடத்தில் குறையாகவும் மாறுவதைப் பின்னர்க் காண்போம்.

எவலின் 1879இல் இலண்டனில் வசதி படைத்த வணிகக் குடும்பத்தில் பிறந்தார். ஓவியம் பயின்றவர், நல்ல உடையிலும் அழகிலும் நாட்டம் கொண்டவர். முப்பது வயதைக் கடந்தபின் மறைபணியாளராகச் சென்னைக்கு வந்தார். தம்மைவிட ஆறு வயது இளையவரான ஜெஸ்ஸியை 1913இல் மணந்து, அவரோடு கொல்லிமலைக்குச் சென்றார். அந்நாளில் அம்மலைக்குச் சாலை இல்லை. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும் மலையில், அன்று நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் ஏற வேண்டும். மலேரியாவுக்கு அஞ்சிச் சமவெளி மக்களே அங்குத் தங்கத் துணியாத காலம் அது.

அம்மலையில் அவர்கள் செய்த பணிகள் பல. ஜெஸ்ஸி பல் பிடுங்கினார்; புண்களைக் கழுவிக் கட்டினார்; பள்ளி நடத்தினார்; தச்சும் கட்டடமும் கற்றுக்கொடுத்தார். நரம்புச் சிலந்தி நோயால் மக்கள் துன்புறுவதைக் கண்டு, புழுவைச் சிறிது சிறிதாகச் சுற்றி வெளியே எடுத்ததோடு நில்லாமல், நீரில் கால் வைத்து இறங்கும் வழக்கத்தைத் தடுக்கக் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவரும் எழுப்பச் செய்தார். இவ்வளவும் செய்தும் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. முன்வருபவர் தம் இனத்தாரையும் நிலத்தையும் இழக்க நேரும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

1918-19இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. புதிய வழிபாட்டை வன்மையாக எதிர்த்துவந்த பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். உற்றாரும் அணுக அஞ்சிய அக்குடிசைக்குள் பிராண்ட் தம்பதியர் கஞ்சியோடு சென்றனர். சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்தனர். மக்களின் மனம் திரும்பத் தொடங்கியது அதன் பின்னரே. இந்நிகழ்ச்சியைத் திருப்புமுனையாக நூல்கள் போற்றுவது சரியே. ஆனால் இதே குடும்பத்தில் சில ஆண்டுகளுக்குள் நடந்த மற்றொரு ஒப்படைப்பை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1923இல் பிராண்ட் தம்பதியர் விடுப்பில் இங்கிலாந்து சென்றனர். மகன் பாலுக்கு வயது ஒன்பது. மகள் கானிக்கு ஆறு. மலையில் அவர்களுக்குத் தகுந்த கல்விக்கு வழியில்லை. ஆகவே, அக்காலத்து மறைபணியாளர் பலரும் செய்தவாறு, பிள்ளைகளை இலண்டனில் உறவினர் இல்லத்தில் விட்டுவிட்டு இருவரும் மலைக்குத் திரும்பினர். மரங்களில் ஏறித் திரிந்த மலைச் சிறுவன் நகரத்து வீட்டின் ஒழுங்குக்குள் அடங்க வேண்டியவனானான். தந்தையை அவன் அதன்பின் காணவே இல்லை. 1929 ஜூன் மாதத்தில், நாற்பத்து நான்காம் வயதில், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. அவர் இறக்குமுன் எழுதியிருந்த கடிதங்களோ கப்பலில் மெல்லச் சென்றன. இறந்த தந்தையின் கையெழுத்தில், மலையையும் மரங்களையும் வருணித்து, படைத்தவருக்கு நன்றி கூறப் பணிக்கும் கடிதங்கள், வாரந்தோறும் அச்சிறுவனின் கைக்கு வந்துகொண்டிருந்தன.

இரு தந்தையரை இங்கு நாம் காண்கிறோம். ஒருவர் மலைக்குடிசையில் தம் குழந்தையை வெள்ளையரிடம் கொடுத்துவிட்டு இறந்தார். மற்றவர் தம் குழந்தைகளைக் கடலுக்கு அப்பால் உறவினரிடம் கொடுத்துவிட்டு மலையில் இறந்தார். முதல் ஒப்படைப்பை நற்செய்தியின் வெற்றி என்கிறோம். இரண்டாவதைத் தியாகம் என்கிறோம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இரண்டிலும் குழந்தையின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அழைத்தலைக் கேட்டவர் ஒருவர். அதன் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர் வேறொருவர்.

கணவரை அடக்கம் செய்த எவலின் சில காலம் கழித்து இங்கிலாந்து சென்றார். தாயின் எழிலான தோற்றத்தை நினைவில் வைத்திருந்த மகன், துயரத்தால் வளைந்து முதுமை கொண்டுவிட்ட பெண்ணொருத்தியைக் கண்டு திகைத்தான். இத்திகைப்பைப் பின்னாளில் அவரே தயங்காமல் எழுதியிருக்கிறார். அத்தாயோ பிள்ளைகளை மீண்டும் விட்டுவிட்டு மலைக்கே திரும்பினார். வயதைக் காரணம் காட்டி மிஷன் ஓய்வளித்தபோதும், தாமாகவே மலையில் தங்கி, கல்வராயன் மலை, பச்சைமலை, சித்தேரி என மட்டக்குதிரையில் ஏறி இறங்கினார். இடுப்பெலும்பு முறிந்தபின் இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

வில்சனின் நூலில் நாம் காணும் குறைக்கு இப்போது வருவோம். பிரிவின் வேதனையை அவர் மறைத்தார் என்று கூறமாட்டோம். ஆனால் அவருடைய கதை எவலினைப் பின்தொடரும் கதை. எவலின் கப்பலேறும்போது கதையும் அவரோடு கப்பலேறிவிடுகிறது. கரையில் நிற்கும் பிள்ளைகள் பார்வையிலிருந்து மறைந்துபோகிறார்கள். அடுத்து அவர்களைப் பார்க்கும்போது அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வருகிறார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்துகிறார். உலகம் அவரைப் போற்றுகிறது. தாய் விதைத்த கண்ணீர் மகனில் கனி தந்தது என்று வாசகர் நிறைவோடு நூலை மூடிவிடலாம்.

இந்நிறைவே நமக்கு ஐயத்தைத் தருகிறது. ஒன்பது வயதுச் சிறுவனின் தனிமைக்கு நாற்பது வயது மருத்துவரின் புகழ் ஈடாகுமா? அவ்வாறு கணக்கு நேர் செய்தால், புகழ் பெறாத பிள்ளைகளின் கண்ணீரை எந்தப் பக்கத்தில் எழுதுவது? மேலும், பாலின் வாழ்வே இந்தக் கணக்குக்கு எளிதில் இணங்கவில்லை. தந்தை புண்களைக் கழுவிய காட்சிகளின் நினைவால் மருத்துவத்தை வெறுத்து, அவர் முதலில் பல ஆண்டுகள் கட்டடத் தொழிலையே பயின்றார். ஒரு மனிதனின் வாழ்வு அவன் பெற்றோரின் தியாகத்துக்குக் கிடைத்த வட்டி அன்று.

அப்படியானால், பிள்ளைகளை விட்டுச் சென்றது தவறு என்று தீர்ப்பிட நாம் முனைகிறோமா? இல்லை. கிணற்றுச் சுவர்கள் எழும்பியிராவிடில் நரம்புச் சிலந்தியால் நடக்க இயலாது போயிருக்கக்கூடிய மலைப்பிள்ளைகளும் பிள்ளைகளே. நம் மறுப்பு பிராண்ட் தம்பதியரின் மீது அன்று. அவர்களைப் போன்றோரை எழுதும் நம் வழக்கத்தின் மீது. இவ்வழக்கத்துக்கு நற்செய்தி எழுதியோரே மாற்று வழி காட்டியிருக்கிறார்கள். யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்டதை மத்தேயுவும் மாற்குவும் கூறுகின்றனர். புதல்வர்கள் தந்தையை விட்டுச் சென்றதை இருவரும் சொல்கின்றனர். மாற்கு மட்டும் ஒரு கணம் படகுக்குள் திரும்பிப் பார்க்கிறார். செபதேயு கூலியாட்களோடு அங்கே இருக்கிறார். பாதி சீர்செய்த வலை அங்கே கிடக்கிறது. மாற்கு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அவருக்கு ஆறுதலும் கூறவில்லை; அவர் அங்கே இருப்பதை மட்டும் பதிவு செய்கிறார். சீடர்களைப் பற்றி எழுதுவோருக்கு இந்த ஒரு பார்வையே இலக்கணம் என்போம்.

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்திலும் இதுவே. கோபுரம் கட்ட நினைப்பவன் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவ்வுவமைக்குச் சற்று முன்னால் ஆண்டவர் தந்தை, தாய், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடுக்குவதை மறந்துவிடுகிறோம். கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைப்பவர்கள் நாமே.

நம் பங்குகளில் வெளியாகும் குருத்துவப் பொன்விழா மலர்களையும் துறவற சபை நினைவு மலர்களையும் எடுத்துப் பாருங்கள். ஆயரின் ஆசியுரை, பணியாற்றிய ஊர்கள், எழுப்பிய ஆலயங்கள், நிறுவிய பள்ளிகள் எல்லாம் விரிவாக இருக்கும். ஒரே மகனைக் குருமடத்துக்கு அனுப்பிவிட்டு முதுமையில் தனித்திருந்த தாய்க்கு, பக்தியுள்ள பெற்றோர் என்ற இரண்டு சொற்களில் பாதி கிடைக்கும். அக்காள் கன்னியர் மடம் சென்றதால் வீட்டுப் பொறுப்பை ஏற்றுப் படிப்பை நிறுத்திய தங்கைக்கு அதுவும் கிடைக்காது. குருக்களுக்கு மனைவி மக்கள் இல்லை என்பதால் நம்மிடம் இச்சிக்கல் இல்லை என்று எண்ணுதல் பிழை. பிராண்ட் குடும்பத்தில் பிள்ளைகள் செலுத்திய பங்கை நம் குடும்பங்களில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் செலுத்துகின்றனர். செபதேயுக்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் நமக்குப் பக்கத்திலேயே அமர்கிறார்கள்.

பால் பிராண்ட் பின்னாளில் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூல்கள் இவ்வகையில் வில்சனின் நூலைவிட மேலானவை என்பது நம் கருத்து. அவற்றுள் 1993இல் வெளிவந்த நூல் வலியை எவரும் விரும்பாத கொடை என்று தலைப்பிலேயே அழைக்கிறது. உணர்விழந்த கைகளை ஆராய்ந்த மருத்துவர் அவர். தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு வலி இல்லாமையே காரணம் என்று கண்டவர். வலியை அறியாத உறுப்பு தன் சேதத்தை அறியாது என்னும் அவருடைய பாடம் உடலுக்கு மட்டும் உரியதன்று. வலிக்கும் இடத்தைத் தொடாமல் எழுதப்படும் புனித வரலாறும் அவ்வாறே மரத்துப்போகிறது. அவர் தம் தாயைப் பற்றி எழுதும்போது, அழகை விரும்பிய அப்பெண் தம் இறுதி இருபது ஆண்டுகளில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறிப்பிடுகிறார். சுருக்கம் விழுந்த அம்முகத்தை, எதையும் கூட்டாமலும் குறைக்காமலும், அன்போடு நமக்குக் காட்டுகிறார். தாயைப் போற்றும் அதே கையால் தாயின் மறுவருகையில் தாம் அடைந்த அதிர்ச்சியையும் எழுதுகிறார். போற்றுதலும் இழப்பும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் அங்கே அருகருகே நிற்கின்றன.

மலைப் பூசாரியின் மகள் ரூத் தன் கதையைத் தானே எழுதி நாம் படித்ததில்லை. எழுதியிருப்பின் இந்நூல்கள் அனைத்தையும்விட அதை நாம் விரும்பிப் படித்திருப்போம். அழைக்கப்பட்டவர்களின் வரலாறுகள் நம்மிடம் நிறைய உண்டு. அடுத்த பொன்விழா மலரை அச்சிடும் முன், அன்பர்கள் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அருள்பணியாளரின் வயது முதிர்ந்த தாயிடமோ தங்கையிடமோ சென்று அமர்ந்து கேட்டு எழுதுங்கள். அவர்கள் முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் சொல்லத் தொடங்குவார்கள்.