6 நீரா, 12 நீரா?

"ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைச் சமன் செய்க." பள்ளி வீட்டுப்பாடத்தில் அடிக்கடி வரும் கேள்வி. எதிர்பார்க்கும் விடை:

6 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன்

எண்ணிப் பாருங்க, ரெண்டு பக்கமும் 18 ஆக்சிஜன் அணு. வேதியியலுக்கு முழு மதிப்பெண்.

ஆனா தாவரவியல் பக்கம் கணக்கு உதைக்குது. செடி வெளிவிடும் ஆக்சிஜன் முழுக்க நீரிலிருந்து வருவது. கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்த வான் நீல் இதை முதலில் ஊகித்தார். 1941-ல் ரூபனும் கேமனும் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்து, குளோரெல்லா பாசியில் சோதித்து அதற்குச் சான்று தந்தார்கள். 6 ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 12 அணு வேணும். 6 நீரில் இருப்பதோ ஆறே அணு. அதனால இடப்பக்கம் 12 நீர், வலப்பக்கம் கூடுதலாக 6 நீர் என்று எழுதணும்.

"ரெண்டு பக்கமும் 6 நீரை அடிச்சுடலாமே?" அல்ஜீப்ராவில் அடிக்கலாம். இங்கே உள்ளே போன நீர் பிளந்துவிட்டது. வெளியே வருவது புதுசா உருவான நீர். அடிச்சா அந்த விஷயமே மறைஞ்சுடும்.

விடையில் பிழை இல்லை; கேள்விதான் பாதியில் நிற்கிறது. "ஆக்சிஜன் எதிலிருந்து வந்தது?" என்று இன்னொரு வரி சேர்த்தால், எண்களைப் பொருத்துகிற மாணவர் செடியைப் பற்றியும் யோசிப்பார்.