பிளிமத் ஸவாய்: ஆறு சிலிண்டரே உத்தமம்

1947 முதல் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார் கிரைஸ்லர் கம்பெனியின் பாகங்களைக் கோத்து இறக்கிய கார்களுக்குப் பிளிமத், டாட்ஜ் கிங்ஸ்வே, டிஸோட்டோ டிப்ளமாட் என்று வெவ்வேறு நாமங்கள் வழங்கினாலும், முகப்பையும் சின்னங்களையும் நீக்கிவிட்டால் இவற்றின் சரீரம் ஒன்றே என்பதைப் பழைய பிளஷர் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

1955-ஆம் வருஷத்துப் பிளிமத்தில் பிளாஸா, ஸவாய், பெல்வெடேர் என மூன்று தரங்கள். பிளாஸாவில் அலங்காரம் சொற்பம். பெல்வெடேரின் குரோமியப் பட்டைகள் கண்ணைப் பறிக்கும். ராசிபுரத்து நண்பர் ஒருவர் வீட்டில் நான் ஓட்டிப் பார்க்கும் பாக்கியம் பெற்றது, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஸவாய்.

யந்திரமும் இரு வகை. 3.8 லிட்டர் கொள்ளளவும் 117 குதிரைச் சக்தியும் கொண்ட, பக்கவாட்டு வால்வுகள் அமைந்த ஆறு சிலிண்டர் ஒன்று. அவ்வருஷம் பிளிமத்துக்கு முதன்முதலாக வந்த வி-8 மற்றொன்று. பின்னது 157 குதிரைச் சக்தியில் தொடங்குவது என்றாலும், நம் பக்கத்தில் தென்படுபவை பெரும்பாலும் ஆறு சிலிண்டர்களே. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

ஏனெனில், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி நாமக்கல் நோக்கி நீளும் அகன்ற சாலையில், ஸ்டீயரிங் தண்டிலுள்ள கியர் கம்பியை மூன்றாவதில் தள்ளிவிட்டால், முன்னே மாட்டு வண்டி வந்தாலும் பஸ் நின்றாலும் கியரை மாற்றச் சொல்லாமல், மத்துச் சுழலும் மெல்லோசையோடு மெதுவாகத் தாழ்ந்து மெதுவாக எழும் அந்த யந்திரத்தின் பொறுமைக்கு நிகரான சௌகரியத்தை நான் வேறு வாகனத்தில் அனுபவித்ததில்லை. முன் ஆசனத்தில் மூவர் தாராளமாக உட்காரலாம்.

குறைகளும் உண்டு. ஆறு வோல்ட் மின்சாரம் ஆகையால் ஸ்டார்ட்டர் சோம்பலாகவே சுற்றுகிறது. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடுவதுண்டு. டிரம் பிரேக்கை முன்யோசனையோடு மிதிக்க வேண்டும். ஏற்காட்டின் இருபது கொண்டையூசி வளைவுகளும் இந்தக் கனத்த ஸ்டீயரிங்குக்கு ஏற்றவையல்ல. இது சமவெளிக்கு உகந்த வாகனம்.

பெட்ரோல் விலை ஏறிய காலத்தில், வாடகைக்கு ஓடிய இத்தகைய கார்கள் பலவற்றில் பிறவி யந்திரத்தை இறக்கிவிட்டு டீசல் யந்திரத்தைப் பொருத்தினார்கள். ஜீவனோபாயத்துக்காகச் செய்ததை நிந்திக்க மாட்டேன். ஆயினும், அதிர்வும் புகையுமாக மாறிய அவ்வண்டிகளில் உடல் பிளிமத்தாக இருக்க, உயிர் வேறாகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம். இன்று அந்த நிர்ப்பந்தம் இல்லை. இதே குலத்து ஆறு சிலிண்டர் யந்திரங்கள் டாட்ஜ், பார்கோ லாரிகளிலும் ஓடியவை. ஆதலால், லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளில் அவற்றைப் பிரித்துப் பூட்டிய மூத்த மெக்கானிக்குகளைத் தேடிப் பார்க்கலாம்.

ஆகவே, பெல்வெடேரின் மினுக்குக்கு மயங்காமல், பிறவி யந்திரத்தோடு கூடிய ஸவாயையே தேடுங்கள். தங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படியொன்று நிற்குமானால், தயைகூர்ந்து அதில் டீசலை ஏற்றாதீர்கள்.