உச்சத்திற்கு அடுத்த ஓட்டம்

மாரத்தான் ஓட்டத்தை ஈடுபாட்டோடு கவனிப்போர் ஒரு வீரரின் பெயரோடு சேர்த்து நினைவில் வைப்பது பெரும்பாலும் அவர் எட்டிய மிகச் சிறந்த நேரத்தையே. ஆயினும் அவருடைய கலையின் ஆழம் தெரியும் இடம், அந்தச் சிறந்த நேரத்திற்குப் பின் சில வாரங்களுக்குள்ளாகவே அவர் மீண்டும் ஓடும் மாரத்தான் ஆகும். குளிர்ந்த காற்று, ஏற்ற இறக்கம் குறைந்த பாதை, முன்னே ஓடித் திட்டமிட்ட வேகத்தைக் காத்துத் தரும் 'பேஸ்மேக்கர்' எனப்படும் துணை ஓட்டக்காரர்கள், மாதக்கணக்கான பயிற்சியின் பயனாக உச்சத்தில் நிற்கும் உடல் ஆகிய யாவும் ஒரே காலைப் பொழுதில் கூடிவரும்போதுதான் சிறந்த நேரம் பெரும்பாலும் அமைகிறது. இரண்டாவது ஓட்டத்திற்கு வருபவரோ ஏற்கெனவே செலவழிந்த உடலோடு தொடக்கக் கோட்டில் நிற்கிறார். ஆகவே அங்கே அவரைக் காப்பது, தம்மிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளந்தறியும் திறமையே.

42.195 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடி முடித்த உடலில் இரண்டு வகைக் குறைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து எரிபொருள் பெருமளவு தீர்ந்துபோவது. நன்றாக உண்டு ஓய்வெடுத்தால் சில நாள்களில் இது மீண்டும் நிரம்பிவிடும். இரண்டாவது, ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் அதன் நுண்ணிழைகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டுச் சிதைவது. இது ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடும்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று நியூசிலாந்து வீரர் ஜாக் ஃபாஸ்டரின் பெயரால் வழங்கும் விதி, மாரத்தானுக்குப் பின் கடும்பயிற்சி இல்லாத 26 நாள்களைக் கோருகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் பெற்றிருக்கும் திறன் அவ்வளவு விரைவாகக் கரைந்துவிடுவதில்லை. மூச்சு தயாராக இருக்க, கால்கள் தயாராக இல்லாத அந்த இடைவெளியில்தான் இரண்டாம் மாரத்தானின் ஆபத்தும் அழகும் ஒருங்கே இருக்கின்றன. சில வாரங்களுக்கு முன் பழகிய வேகம் முதல் பத்துக் கிலோமீட்டரில் எளிதாகவே தோன்றும். அந்த எளிமையை நம்பி ஓடியவர்கள் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின் நடந்துபோக நேர்வதும் உண்டு.

ஆஸ்திரேலிய வீரர் டெரெக் கிளேட்டன் 1969 மே மாதத்தில் அங்காராவில் 2 மணி 17 நிமிடம் 26 விநாடியில் ஒரு மாரத்தானை முடித்து, 11 நாள் கழித்து ஆன்ட்வெர்ப்பில் 2:08:33.6 என்னும் நேரத்தை எட்டினார். அந்தப் பாதையின் நீளத்தைப் பற்றிப் பின்னாளில் ஐயங்கள் எழுந்தபோதும், அந்த நேரம் உலகின் மிகச் சிறந்ததாகப் 12 ஆண்டுகள் நின்றது. தம்மிடம் இருந்ததையெல்லாம் இரண்டாவது ஓட்டத்தில் முழுவதுமாகக் கொட்டிய வழி அது. அதற்கு அவருடைய உடல் கொடுத்த விலை கடுமையாக இருந்தது. அந்த நேரத்தை அவர் பிறகு ஒருபோதும் எட்டவில்லை. மதிக்கத்தக்க துணிவு என்றாலும், உச்சத்தைத் தொட்டுவிட்டு மறுபடியும் அதே உயரத்திற்கு ஏறும் வித்தையை அறிய விரும்புவோர் ஜப்பானின் யூகி கவாவுச்சியிடம்தான் செல்ல வேண்டும்.

1987-இல் பிறந்த கவாவுச்சி, ஜப்பானிய நெடுந்தூர ஓட்டத்தின் வழக்கமான பாதையில் வளர்ந்தவர் அல்லர். அங்கே முன்னணி வீரர்கள் பெரும்பாலும் நிறுவன அணிகளில் சேர்ந்து, சம்பளமும் பயிற்றுநரும் உடன் ஓடத் தோழர்களும் பெற்று, 'எக்கிடென்' எனப்படும் நெடுஞ்சாலைத் தொடரோட்டங்களை மையமாகக் கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு மாரத்தான்களே ஓடுவது மரபு. கவாவுச்சியோ சைத்தாமா மாகாண அரசின் ஊழியராக மாலைநேர உயர்நிலைப் பள்ளியொன்றின் அலுவலகத்தில் பணியாற்றியபடி, வேலைக்குப் போகுமுன் கிடைத்த காலை நேரத்தில் தனியாகப் பயிற்சி செய்தவர். தனியாகப் பயில்பவருக்கு வேகமாக ஓடுவோரின் துணை போட்டிகளில் மட்டுமே கிடைக்கும் என்பதால், போட்டிகளையே பயிற்சியாக்கிக்கொண்டார். ஆண்டுக்கு ஒன்று இரண்டு என்பதை விட்டுப் பத்துக்கும் மேற்பட்ட மாரத்தான்களை அவர் ஓடியது வேகத்திற்குக் கேடு என்று பலர் கருதினர். 2013-ஆம் ஆண்டு அந்தக் கருத்துக்கு விடையாக அமைந்தது.

அவ்வாண்டு ஜனவரியில் எகிப்தின் லக்சர் நகரில் 2:12:24 என்னும் நேரத்தில் வென்ற கவாவுச்சி, அடுத்த மாதம் 3-ஆம் நாள் கியூஷூ தீவில், பெப்பு விரிகுடாவை ஒட்டிச் செல்லும் பெப்பு–ஒய்ட்டா மாரத்தானில், லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றிருந்த கென்டாரோ நகமோட்டோவோடு நெடுந்தொலைவு தோளோடு தோள் ஓடி, இறுதிக் கிலோமீட்டர்களில் அவரைப் பின்தள்ளி, 2:08:15 என்னும் தம் அதுவரையிலான சிறந்த நேரத்தில் வென்றார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 2 விநாடி என்னும் வேகம் அது. ஆறு வாரம் கழித்து மார்ச் 17 அன்று சியோலில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2:08:14.

ஒரு விநாடி முன்னேற்றம் என்பதைச் சிலர் அற்பமாகக் கருதக்கூடும். அந்த வேகத்தில் ஒரு விநாடி என்பது ஐந்தரை மீட்டர் தொலைவுதான். ஆனால் வேறொரு நாட்டில், வேறொரு பாதையில், உடன் ஓடிய போட்டியாளர்களும் மாறிவிட்ட நிலையில், 42 கிலோமீட்டருக்குப் பின் அதே இடத்திற்கு ஐந்தரை மீட்டர் இடைவெளியில் வந்து சேர்ந்ததைப் பார்க்கும்போது, பெப்புவில் கிடைத்தது அன்றைய காற்றும் எதிராளியும் தந்த கொடை மட்டுமன்று, அவர் கைவசமிருந்த திறன் என்பது உறுதிப்படுகிறது. ஒரு வீரர் எந்த நாளில் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதைக் காட்டிலும், அந்த வேகத்தைத் தாம் விரும்பியபோது மீண்டும் வரவழைக்க அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே நுட்பமான கேள்வியாகும்.

அந்த ஆண்டின் இறுதியில் அவர் இன்னும் கடினமான சோதனையை மேற்கொண்டார். டிசம்பர் 1 அன்று ஃபுக்குவோகாவில் 2:09:05. பதினான்கு நாள் கழித்து ஹோஃபுவில் 2:09:15. தசை இழைகள் முழுமையாக ஆறியிராத காலத்தில், பத்து விநாடி மட்டுமே கூடுதலாக எடுத்து அவர் இதைச் செய்தார். அவருடைய ஓட்டம் பார்வைக்கு அழகானது அன்று. கடைசிக் கிலோமீட்டர்களில் தலை ஒரு பக்கம் சாயும், வாய் திறந்திருக்கும், முகம் முழுவதும் வேதனையில் சுருங்கும். அந்த முகத்தை மட்டும் பார்ப்பவர் இதோ விழப்போகிறார் என்றே எண்ணுவார். பார்வையைக் கால்களுக்கு இறக்கினால், அடிகளின் தாளம் குலையாமல் ஒரே சீராக விழுவதைக் காணலாம். மேலே தெரியும் வேதனையும் கீழே காக்கப்படும் ஒழுங்கும் சேர்ந்த இந்தக் காட்சியே கவாவுச்சியை ரசிப்பதற்கு உரிய வழி. 2018-ஆம் ஆண்டு பாஸ்டனில் கொட்டும் மழையிலும் எதிர்காற்றிலும் முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலக, முந்தைய ஆண்டு வெற்றியாளரான ஜெஃப்ரி கிருயியை இறுதிக் கட்டத்தில் கடந்து 2:15:58-இல் அவர் வென்றதும், களைத்த கால்களை ஓட்டிச்செல்ல ஆண்டுக்கணக்கில் கற்றதன் பயனே ஆகும்.

சியோலில் எட்டிய 2:08:14 ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவருடைய சிறந்த நேரமாக நின்று, 2021 பிப்ரவரி 28 அன்று பிவா ஏரி மாரத்தானில் அவரே 2:07:27-இல் ஓடியபோதுதான் முறிந்தது. நேரங்களின் பட்டியலில் ஹோஃபுவின் 2:09:15 இவ்விரண்டிற்கும் கீழேதான் நிற்கும். இருந்தும், முந்தைய மாரத்தான் முடிந்து இரண்டே வாரத்தில் ஓடியது என்பதைக் கருத்தில் கொண்டால், அவருடைய கலை முழுமையாக வெளிப்பட்ட ஓட்டம் அதுவே.