குறி சிதறினால் முதலில் தாளைப் பாருங்கள்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. வென்றவர் அப்போது மத்திய ரயில்வேயின் டிக்கெட் பரிசோதகராக இருந்ததால், மணியாச்சி மாதிரி ஜங்ஷன் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் நெருக்கமான பதக்கம்.

அந்தப் பதக்கத்தைப் பார்த்து .22 ரைபிளைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே ஒரு சந்தேகம் வரும். குண்டு சிதறுகிறதே, பேரலின் ட்விஸ்டுக்கும் குண்டின் எடைக்கும் ஒத்துவரவில்லையோ?

நல்ல கேள்வி. ஆனால் .22-க்கு அது பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுவது.

பேரலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதுதான் ட்விஸ்ட். சுழற்சி போதாவிட்டால், வேகம் தளர்ந்த பம்பரம் தலையாட்டுவதுபோல் குண்டும் ஆடும். தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்வாக்கில் கிழிசல் விழும். எவ்வளவு சுழற்சி தேவை என்பதை எடையைவிட நீளமே தீர்மானிக்கிறது. ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும் என்பதால்தான் எல்லோரும் எடையைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். 1879-இல் இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்விக்கூடத்துக் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் இதற்கு எளிய கணக்கு ஒன்று தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணால் 150-ஐ வகுக்க வேண்டும். வருவது விட்டத்தின் மடங்கில் ட்விஸ்ட்.

.22-க்குப் போட்டுப் பாருங்கள். 40 கிரெய்ன் எடையுள்ள குண்டின் நீளம் ஏறத்தாழ இரண்டு விட்டம். 150-ஐ 2-ஆல் வகுத்தால் 75. விட்டம் 0.224 அங்குலம், பெருக்கினால் 16.8. போட்டி ரைபிள் பேரல்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில்தான் வருகின்றன. தோட்டாவும் 40 கிரெய்ன்தான். இந்தப் பொருத்தம் தொழிற்சாலையிலேயே முடிந்த விஷயம்.

பொருந்தாமல் போன கதையும் உண்டு. அமெரிக்காவின் எம்16 தொடக்கத்தில் 14 அங்குல ட்விஸ்டோடு வந்தது. கடுங்குளிரில் காற்று அடர்ந்தபோது 55 கிரெய்ன் குண்டு தடுமாறவே, 12 அங்குலமாக மாற்றினார்கள். பின்னாளில் நீளமான குண்டுகள் வந்தபோது 7 அங்குலம் வரை இறுக்க வேண்டியிருந்தது. கரிசல் காட்டு வெக்கையில் நிலைமை நேரெதிர். சூடான காற்று லேசானது. குண்டின் நிலைப்புக்கு அது சாதகம்.

நம் பக்கத்துச் சிக்கல் காற்றின் வேகம். செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கி, கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆடிக்காற்று ஒரு .22 குண்டை என்ன செய்யும்? மணிக்கு 10 கிலோமீட்டர் பக்கக்காற்றே 50 மீட்டரில் குண்டை ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்துப் புள்ளி வளையத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! சர்வதேச விதிப்படி 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் காற்றுக்கொடி கட்டுவது இதற்காகத்தான்.

ட்விஸ்ட் இங்கேதான் வேறு வடிவில் எட்டிப்பார்க்கிறது. வலப்பக்கமாகச் சுழலும் குண்டை இடமிருந்து வரும் காற்று வலப்புறம் தள்ளுவதோடு சற்றுக் கீழேயும் இறக்கும். வலமிருந்து வரும் காற்று இடப்புறம் தள்ளி மேலே ஏற்றும். வடக்குப் பார்த்துச் சுடுபவருக்கு மேல்காற்றில் ஓட்டைகள் வலது கீழ்மூலைக்கு நகரும். தாளில் சிதறல் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து கிடந்தால், ரைபிளைத் திட்டாதீர்கள். கொடியைப் படிக்கத் தவறியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் தோட்டாவையும் சந்தேகிக்கலாம். வேகம் விநாடிக்கு 5 மீட்டர் குறைந்தாலே 50 மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் இறங்கும். இறுதிச்சுற்றின் தசமக் கணக்கில் அது 0.4 புள்ளி. குவியல் இரண்டாகப் பிரிந்தால் பேரலையும் கட்டையையும் பிணைக்கும் திருகு, சைட் இரண்டையும் சோதியுங்கள். தோட்டா பிராண்டை மாற்றிய பிறகு முதல் சில ரவுண்டுகளை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். பழைய மெழுகு போய்ப் புதியது பேரலில் படிய அவகாசம் வேண்டும்.

தகுதிச்சுற்றில் குசாலே எடுத்தது 590: முழங்காலிட்டு 198, படுத்து 197, நின்று 195. ஒரே ரைபிள்தான். குறைந்த எண் நின்ற நிலையில் விழுந்ததற்கு எந்த ட்விஸ்டும் காரணமில்லை, உடல்தான்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது தோட்டாவின் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஆனால் லாட் மாறினால் குவியலும் மாறும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ரைபிளை இடுக்கியில் பூட்டி, பல லாட்களைச் சுட்டுப்பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டத்துப் பிள்ளைக்கு ஜெர்மனிக்குப் பயணச்சீட்டு யார் எடுப்பது? திருநெல்வேலியிலோ மதுரையிலோ பொதுவாக ஒரு சோதனை இடுக்கி இருந்தால் போதும். பல கிளப்புகள் சேர்ந்து சில லாட்களின் மாதிரிப் பெட்டிகளை வரவழைத்து, ஒவ்வொரு பிள்ளையின் ரைபிளிலும் சுட்டுப்பார்த்து, பொருந்திய லாட்டை மொத்தமாக வாங்கலாம்.